எண்பதை நெருங்கும் விரல்கள்

2025 ஜூலை 5. இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் நகரில், ஆஸ்டன் வில்லா கால்பந்து அணியின் வில்லா பார்க் மைதானம். சுமார் 40,000 பேர் கூடியிருந்தார்கள். மெட்டாலிகா, கன்ஸ் அண்ட் ரோஸஸ், ஸ்லேயர் என்று தனியாகவே ஒரு மைதானத்தை நிரப்பக்கூடிய குழுக்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து வாசித்துவிட்டுப் போயின. அத்தனையும் முன்வாசிப்புதான். கூட்டம் காத்திருந்தது அந்த மைதானத்தைச் சுற்றியுள்ள ஆஸ்டன் தெருக்களில் வளர்ந்த நான்கு பெரியவர்களுக்காக. பிளாக் சப்பாத் குழுவின் ஓஸி ஆஸ்போர்ன், டோனி அயோமி, கீஸர் பட்லர், பில் வார்ட் ஆகிய நால்வரும் ஒரே மேடையில் சேர்ந்து இருபது ஆண்டுகள் ஆகியிருந்தன.

பார்க்கின்சன் நோயால் ஓஸியால் நிற்க முடியவில்லை. சிம்மாசனம் போன்ற ஒரு நாற்காலியில் அமர்ந்துதான் பாடினார். அவரால் முடியாத இடங்களைக் கூட்டம் பாடி நிரப்பியது. 77 வயது அயோமிக்கு அப்படிப்பட்ட துணை எதுவும் தேவைப்படவில்லை. நின்றபடியே ‘வார் பிக்ஸ்’, ‘அயர்ன் மேன்’ பாடல்களின் கிதார் பகுதிகளை, 1970இல் பதிவு செய்த அதே கனத்தோடு வாசித்தார். மொத்தம் நான்கே பாடல்கள். நிகழ்ச்சியில் கிடைத்த பணம் பார்க்கின்சன் ஆய்வுக்கும் குழந்தைகள் மருத்துவமனைக்கும் நோயுற்ற குழந்தைகளுக்கான காப்பகத்துக்கும் போனது.

மூத்த ராக் குழுக்கள் சுற்றுப்பயணம் அறிவிக்கும்போதெல்லாம் இரண்டு விதமான பேச்சு எழும். ‘இந்த வயதில் எதற்கு, காசுக்காகவா?’ என்பது ஒன்று. ‘பாட்டு எப்படி இருந்தால் என்ன, கண்ணால் பார்த்துவிட்டால் போதும்’ என்பது மற்றொன்று. முதலாமவர் இளக்காரம் செய்கிறார்; இரண்டாமவர் தரிசனத்துக்குப் போகிறார். இருவருமே மேடை நடுவிலிருக்கும் பாடகரைத்தான் பார்க்கிறார்கள். பார்வையைக் கொஞ்சம் ஓரமாக, கிதார் வாசிப்பவரின் கைகள் பக்கம் திருப்பினால் கணக்கே மாறிவிடும். மூத்த குழுக்களுக்கு வயது எதையாவது கொடுத்திருக்கிறது என்றால், அது பெரும்பாலும் அந்தக் கைகளில்தான் இருக்கிறது. கச்சேரிக்குச் சீட்டு வாங்க அந்த ஒரு காரணமே போதும்.

குரல் உடம்போடு சேர்ந்து மூப்படையும் கருவி. அதை மாற்ற வழியில்லை. டீப் பர்ப்பிள் குழுவின் ‘சைல்ட் இன் டைம்’ 1970இல் வெளிவந்தது. இயன் கில்லன் அதில் எட்டிய உச்சஸ்தாயி ராக் பாடகர்கள் பலருக்கும் இன்றுவரை எட்டாத உயரம். 1945இல் பிறந்த கில்லன் இன்னும் மேடையேறுகிறார். அந்தப் பாட்டு மட்டும் பல ஆண்டுகளாக மேடைப் பட்டியலில் இல்லை. முடியாததை முடிந்ததுபோலக் காட்டாமல் விலக்கி வைத்த நேர்மை அது. வேறு பல குழுக்கள் பாடகருக்காகச் சுருதியை இறக்கிக்கொள்கின்றன. கிதார்காரருக்கு இதைவிட வழிகள் அதிகம். ஒரே சுரம் கிதாரின் கழுத்தில் பல இடங்களில் கிடைக்கும். கை எட்டாவிட்டால் இடத்தை மாற்றலாம், விரலை மாற்றலாம், தந்தியை மெல்லியதாக்கலாம். பத்து சுரம் வாசித்த இடத்தில் மூன்றோடு நிறுத்திக்கொள்ளவும் செய்யலாம். எந்த மூன்று என்று தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவே. அந்தத் தெளிவு இருபது வயதில் பலருக்கு வாய்ப்பதில்லை.

அயோமியின் கதையே இதற்கு முதல் சாட்சி. அவர் இடதுகைப் பழக்கம் உள்ளவர். ஆகவே தந்திகளை அழுத்துவது வலது கை. 17 வயதில் பர்மிங்ஹாமின் தகரத் தொழிற்சாலையில் வேலை பார்த்தார். வேலையை விட்டுவிட்டு முழுநேர இசைக்குப் போகவிருந்த கடைசி நாளில், அவர் வழக்கமாக இயக்காத ஓர் இயந்திரம் வலது கையின் நடுவிரல், மோதிர விரல் இரண்டின் நுனிகளையும் துண்டித்துவிட்டது. இனி வாசிக்க முடியாது என்றார்கள் மருத்துவர்கள். தொழிற்சாலை மேலாளர் ஜாங்கோ ரெய்ன்ஹார்ட்டின் இசைத்தட்டை எடுத்துவந்து போட்டுக்காட்டினார். 1928இல் தீ விபத்தில் இடது கையின் இரண்டு விரல்கள் முடங்கிப்போன பிறகும் ஐரோப்பாவின் தலைசிறந்த ஜாஸ் கிதார் கலைஞராக விளங்கியவர் ஜாங்கோ.

அயோமி பிளாஸ்டிக் புட்டியை உருக்கித் தன் விரல் நுனிகளுக்கு உறை செய்துகொண்டார். மெல்லிய கிதார் தந்திகள் அப்போது கடைகளில் கிடைக்காததால் பேஞ்ஜோ தந்திகளை மாட்டிப் பார்த்தார். விரலுக்கு வலி குறையட்டும் என்று சுருதியையும் இறக்கினார். 1971இல் வந்த ‘மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி’ தொகுப்பின் சில பாடல்களில் சுருதி மூன்று அரைச்சுரங்கள் கீழே இருக்கிறது. தந்தி தளர்ந்தது, ஒலி இருண்டு கனத்தது. ஹெவி மெட்டல் என்று உலகம் இன்று அழைக்கும் இசையின் அடிநாதம் ஒரு தொழிற்சாலை விபத்துக்கு விரல்கள் கண்டுபிடித்த மாற்றுவழி. வில்லா பார்க்கில் அவர் வாசித்ததும் விரல் உறைகளோடுதான்.

ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் கீத் ரிச்சர்ட்ஸ் 1943இல் பிறந்தவர். விரல் கணுக்களில் மூட்டுவாதம் முண்டுமுண்டாகப் புடைத்திருப்பது புகைப்படங்களிலேயே தெரியும். அவரும் வேகத்தை நம்பிய ஆள் இல்லை. கிதாரின் ஆறாவது தந்தியைக் கழற்றி எறிந்துவிட்டு, மீதி ஐந்தையும் ‘ஓப்பன் ஜி’ என்ற சுருதிக்கு மாற்றி வைத்துக்கொண்டு, அரை நூற்றாண்டுக்கும் மேலாக அதிலேயே தாளக்கட்டு நெய்துவருகிறார். 1975இல் வந்து சேர்ந்த ரானி வுட்டும் அவரும் வாசிப்பது நம்மூர் இரட்டை நாகஸ்வரம் போன்றது. யார் முன்னே, யார் பின்னே என்று பிரித்துச் சொல்ல முடியாது. ஒருவர் விட்ட இடத்தை மற்றவர் எடுப்பார். 2024இல் அக்குழுவின் அமெரிக்கச் சுற்றுப்பயணத்துக்கு ஆதரவு தந்தது 50 வயது கடந்தவர்களுக்கான ஏஏஆர்பி அமைப்பு. அதை வைத்து எழுந்த கிண்டல்களுக்குக் குறைவில்லை. மேடையில் ரிச்சர்ட்ஸும் வுட்டும் ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டு வாசிப்பதைக் கவனித்தவர்கள் அப்படிக் கிண்டல் செய்திருக்கமாட்டார்கள்.

வயது கூடக் கூட ஒரு கலைஞர் எங்கே போய்ச் சேர முடியும் என்பதற்கு ஜெஃப் பெக் நல்ல உதாரணம். 1960களில் யார்ட்பேர்ட்ஸ் குழுவில் பெயர் பெற்றவர், 80களில் தந்தி மீட்டும் வில்லையான பிக்கை ஒதுக்கிவிட்டு வெறும் விரல்களால் வாசிக்கத் தொடங்கினார். கட்டைவிரல் தந்தியை மீட்டும். சுண்டுவிரல் ஒலியளவுக் குமிழைத் திருப்பும். உள்ளங்கை கிதாரின் அதிர்வுக் கம்பியை அழுத்தும். மூன்றும் ஒரே கணத்தில் நடக்கும். பல்கேரியப் பெண்களின் கூட்டுப்பாடலைக் கேட்டு வியந்து, 1989இல் ‘வேர் வேர் யூ’ என்ற இசைத்துணுக்கைச் செய்தார். அதில் கிதார் ஏறக்குறைய மனிதக் குரலாகவே ஆகிவிடுகிறது. 2007இல் லண்டனின் ரானி ஸ்காட்ஸ் ஜாஸ் அரங்கில் அவர் நடத்திய கச்சேரிகள் காணொளியாகவும் வெளிவந்தன. அப்போது அவருக்கு 63 வயது. யார்ட்பேர்ட்ஸ் காலத்துப் பதிவுகளையும் இதையும் அடுத்தடுத்துக் கேட்டால், முதிர்ந்த கைதான் உயர்ந்த கை என்பதில் சந்தேகமே வராது.

கிதாரைக் குரலாக்கத் தந்தியை இழுத்துச் சுரத்தை வளைக்கும் வித்தை தமிழ்க் காதுகளுக்குப் புதிதில்லை. வீணையில் மெட்டுகளுக்கு மேலே தந்தியைப் பக்கவாட்டில் இழுத்துத்தான் கமகம் பிடிக்கிறார்கள். கிதாரில் மெட்டுகளுக்கிடையே மரப்பலகை தட்டையாக இருப்பதால் விரல் மரத்தில் உரசும். அந்த மரத்தைக் குடைந்து பள்ளமாக்கினால் தந்தி விரலுக்கு வசப்படும். டீப் பர்ப்பிளின் ரிச்சி பிளாக்மோர் தன் கிதாரை அப்படித்தான் குடைந்து வைத்திருந்தார். கிதார் கலைஞர் ஜான் மெக்லாஃப்லினும் அதைச் செய்தார். அவருக்கு வழிகாட்டியது வீணையேதான். அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் எஸ்.ராமநாதனிடம் வீணை கற்றவர் அவர். எல்.சங்கரின் வயலின், விக்கு விநாயக்ராமின் கடம், ஜாகிர் உசேனின் தபலா ஆகியவற்றோடு அவர் அமைத்த சக்தி குழுவின் முதல் தொகுப்பு 1976இல் வந்தது. 2024 பிப்ரவரியில் அதே பெயர் கொண்ட குழு கிராமி விருது வாங்கியபோது மெக்லாஃப்லினுக்கு வயது 82.

‘மூத்த குழுவில் இப்போது யார்தான் மிச்சம்? வெறும் பெயர்தானே’ என்று ஒரு கேள்வி கேட்கப்படுவதுண்டு. நியாயமான கேள்வி. அதற்குப் பதில் தேட டீப் பர்ப்பிளைவிடப் பொருத்தமான குழு கிடையாது.

1968இல் தொடங்கிய அந்தக் குழுவின் எல்லாத் தொகுப்புகளிலும் இருப்பவர் டிரம்ஸ் வாசிக்கும் இயன் பெய்ஸ் ஒருவரே. உலகமறிந்த ‘ஸ்மோக் ஆன் த வாட்டர்’ பாடல் பிறந்தது 1971 டிசம்பரில், சுவிட்சர்லாந்தின் மாந்த்ரூ ஊரில். ஃபிராங்க் ஸாப்பாவின் கச்சேரியில் யாரோ சமிக்ஞைத் துப்பாக்கியால் சுட, கேசினோ கட்டடமே எரிந்துபோனது. அதே கட்டடத்தில் பாடல் பதிவுசெய்ய வந்திருந்த டீப் பர்ப்பிள் குழுவினர், ஏரிமேல் பரவிய புகையைப் பார்த்ததைப் பாட்டாக்கினார்கள். அதன் தொடக்க ரிஃபை, அதாவது திரும்பத் திரும்ப வரும் சிறு சுரவரிசையை, கிதார் தொட்ட அத்தனை பேரும் ஒருநாளாவது வாசித்துப் பார்த்திருப்பார்கள். பெரும்பாலோர் தப்பாகத்தான் வாசிப்பார்கள். பிக்கால் தந்தியை அடிப்பது அவர்கள் வழக்கம். பிளாக்மோர் இரண்டு தந்திகளை விரல்களால் ஒரே நேரத்தில் கிள்ளி எடுப்பார். அதோடு ஜான் லார்டின் ஹாமண்ட் ஆர்கன், கிதாருக்கான மார்ஷல் ஆம்ப்ளிஃபயர் வழியாக உறுமிக்கொண்டு சேரும். எளிமையாகத் தோன்றும் நாலு சுரம் மேடையில் கேட்கும்போது நெஞ்சை அதிரவைப்பது அதனால்தான்.

1972 ஆகஸ்டில் ஒசாகாவிலும் டோக்கியோவிலும் பதிவான ‘மேட் இன் ஜப்பான்’, மேடை இசைக்கு இன்றும் அளவுகோலாக வைக்கப்படும் தொகுப்பு. ஸ்டூடியோவில் நாலரை நிமிடமே ஓடும் ‘ஸ்பேஸ் ட்ரக்கின்’ அதில் ஏறத்தாழ இருபது நிமிடம் நீள்கிறது. கிதார் கேட்கும், ஆர்கன் பதில் சொல்லும், டிரம்ஸ் குறுக்கே பாயும். அடுத்து எங்கே போகப்போகிறார்கள் என்று அவர்களுக்கே தெரியாது. அந்தக் குழுவின் உயிர் இருப்பது இந்த உரையாடலில். ஆகவே கிதார் நாற்காலியில் யார் உட்கார்ந்தாலும் அவர் பேசத் தெரிந்தவராக இருந்தாக வேண்டும்.

1975இல் பிளாக்மோர் விலக, டாமி போலின் வந்தார். மறு ஆண்டே குழு கலைந்தது. அந்த டிசம்பரில் போலினும் இறந்தார். 1984இல் ‘மேட் இன் ஜப்பான்’ காலத்து ஐவரும் மீண்டும் சேர்ந்தார்கள். 1993இல் சுற்றுப்பயணத்தின் நடுவிலேயே பிளாக்மோர் மறுபடியும் வெளியேறினார். ஜப்பான் கச்சேரிகள் தலைக்குமேல் நிற்க, ஜோ சாட்ரியானி அவசரமாக வந்து சில மாதங்கள் கைகொடுத்தார். பிறகு 1994இல் வந்தவர் ஸ்டீவ் மோர்ஸ். 2022 வரை 28 ஆண்டுகள் அவர் அங்கே வாசித்தார். பிளாக்மோரின் இரண்டு காலகட்டங்களையும் கூட்டினாலும் பதினாறு, பதினேழு ஆண்டுகள்தான் தேறும். ஆனாலும் 2016இல் அமெரிக்காவின் ‘ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம்’ டீப் பர்ப்பிளைக் கௌரவித்தபோது மோர்ஸின் பெயர் பட்டியலில் இல்லை. இறந்துகொண்டிருந்த ஒரு குழுவுக்கு உயிர் கொடுத்தவருக்குச் செய்த அநியாயம் அது.

மோர்ஸ் தனக்கு முன்னால் இருந்தவரைப் போலி செய்யவில்லை. பழைய பாடல்களின் உருவத்தைக் காப்பாற்றிக்கொண்டு, இடையில் தன் பேச்சைப் பேசினார். அப்படிப் பேசியவற்றில் ஒன்று இந்தியர்களுக்கு நெருக்கமானது. விண்வெளி வீராங்கனை கல்பனா சாவ்லா டீப் பர்ப்பிளின் தீவிர ரசிகை. குழுவினரை நேரில் அறிந்தவர். கொலம்பியா விண்கலத்தில் போனபோது அவர்களின் குறுந்தகடுகளையும் உடன் எடுத்துச் சென்றார்; விண்ணிலிருந்து மின்னஞ்சலும் அனுப்பினார். 2003 பிப்ரவரி 1 அன்று விண்கலம் சிதறி ஏழு பேரும் இறந்த செய்தி வந்ததும் மோர்ஸ் ஓர் இசைத்துணுக்கை இயற்றினார். ‘காண்டாக்ட் லாஸ்ட்’ என்ற பெயரில் அதே ஆண்டு வந்த ‘பனானாஸ்’ தொகுப்பின் கடைசியில் அது இருக்கிறது. ஒன்றரை நிமிடம்கூட ஓடாது. வேகத்துக்குப் பேர்போன கிதார்காரர் அதில் ஓர் இடத்திலும் வேகம் காட்டவில்லை.

மூட்டுத் தேய்மானம் மோர்ஸின் வலது மணிக்கட்டையும் விடவில்லை. பல ஆண்டுகளாகப் பழகிய மீட்டும் முறையை நடுவயதுக்கு மேல் மாற்றி, கையைப் பிடிக்கும் கோணத்தையே புதிதாகக் கற்றுக்கொண்டு வாசித்தார். மனைவிக்குப் புற்றுநோய் என்றானதும் 2022இல் குழுவிலிருந்து விலகினார். அடுத்து வந்தவர் பெல்ஃபாஸ்ட்டைச் சேர்ந்த சைமன் மெக்பிரைடு. 1979இல் பிறந்தவர். அவர் பிறப்பதற்கு ஏழு ஆண்டுகள் முன்பே ‘மேட் இன் ஜப்பான்’ வந்துவிட்டது. 2024இல் அவரோடு சேர்ந்து குழு புதிய தொகுப்பையும் வெளியிட்டது. எழுபதைத் தாண்டிய நால்வருக்கு நடுவே நாற்பதுகளில் இருக்கும் ஒருவர். ‘வெறும் பெயர்தானே’ என்ற கேள்விக்குப் பதில் இதுதான்: அந்த உரையாடல் மேடையில் நடக்கும்வரை பெயரும் செல்லும், நின்றுவிட்டால் பழைய ஆட்கள் ஐந்து பேரும் இருந்தாலும் செல்லாது.

இதையே அளவுகோலாக வைத்தால், மூத்த குழுக்கள் எல்லாவற்றுக்கும் கண்ணை மூடிக்கொண்டு கைதட்ட முடியாது. முன்பே பதிவுசெய்த தடங்களை ஓடவிட்டு, அதன்மேல் கையசைத்துவிட்டுப் போகும் கச்சேரிகள் உண்டு. ஊர் ஊராக ஒரே சோலோவை ஒரு சுரம் பிசகாமல் ஒப்பிப்பவர்களும் உண்டு. சீட்டு விலையோ சாதாரண ரசிகர் நினைத்தும் பார்க்க முடியாத இடத்துக்குப் போய்விட்டது. இத்தனை பணம் வாங்குகிறவர்கள் குறைந்தது தங்கள் கைகளாலேயே வாசிக்க வேண்டும் என்று கேட்க ரசிகருக்கு முழு உரிமை இருக்கிறது. கண்டுபிடிப்பதும் கடினமில்லை. நேற்றைய கச்சேரியில் ஐந்து நிமிடம் ஓடிய பாட்டு இன்று ஆறரை நிமிடம் ஓடுகிறதா? கிதார்காரர் டிரம்ஸ் பக்கம் திரும்பிப் பார்த்துத் தலையசைக்கிறாரா? ஒரு சுரம் தவறி, அதை அடுத்த சுரத்தால் சரிக்கட்டிச் சிரிக்கிறாரா? இவற்றில் ஒன்றாவது நடந்தால் கொடுத்த காசு வீண் இல்லை.

கிதார்காரரைப் பார்க்கவும் ஒரு முறை இருக்கிறது. புதிதாகப் பார்ப்பவர்கள் தந்தியை அழுத்தும் கையையே பார்ப்பார்கள். அது ஓடுகிற ஓட்டம் கண்ணைக் கட்டிவிடும். மீட்டும் கையைப் பாருங்கள். சத்தம் ஏறுவதும் இறங்குவதும், ஒரு சுரம் கூர்மையாக வருவதும் மழுங்கி வருவதும் அங்கேதான் தீர்மானமாகின்றன. நீண்ட சுரம் ஒன்றைப் பிடித்து அதிரவைக்கும்போது அந்த அதிர்வின் அகலத்தைக் கேளுங்கள். கையெழுத்துபோல ஆளுக்கு ஆள் மாறும் விஷயம் அது. அதை வைத்தே ஆளைச் சொல்லிவிடலாம். பாடகர் பாடும்போது கிதார் எவ்வளவு ஒதுங்கிக்கொள்கிறது என்பதையும் கவனியுங்கள். இளையவர்கள் அந்த இடைவெளியையும் நிரப்பப் பார்ப்பார்கள். ரிச்சர்ட்ஸ் சும்மா இருப்பார். அந்தச் சும்மா இருத்தலில் பாட்டு நடக்கும்.

நிகழ்ச்சி நடத்துபவர்களுக்கும் இதில் பங்கு உண்டு. மைதானத்தின் இரு பக்கமும் கட்டப்படும் ராட்சதத் திரைகள் கச்சேரி முழுக்கப் பாடகரின் முகத்தையே காட்டிக்கொண்டிருக்கின்றன. சோலோ வரும்போதுகூடக் கேமரா கிதார்காரரின் முகபாவத்தில் நிற்கிறது. விரல்களுக்கு வரும்போது சோலோ முடிந்துவிடுகிறது. கடைசி வரிசையில் நிற்பவருக்கு அந்தத் திரை மட்டுமே மேடை. அதில் கைகளைக் காட்டுவதற்குக் கூடுதல் செலவு ஒன்றும் இல்லை.

இந்தியாவுக்கு இப்படிப்பட்ட குழுக்கள் வராமல் இல்லை. 2003இல் ரோலிங் ஸ்டோன்ஸ் பெங்களூருவிலும் மும்பையிலும் வாசித்தது. 2007இல் அயர்ன் மெய்டன் பெங்களூரு வந்தது. 2025 மே மாதம் மும்பையில் கன்ஸ் அண்ட் ரோஸஸ் மேடையேறியபோது அதன் கிதார் கலைஞர் ஸ்லாஷ் அறுபதை நெருங்கியிருந்தார். பார்க்க வேண்டியவர்களின் எண்ணிக்கையோ குறைந்துகொண்டே வருகிறது. ரோலிங் ஸ்டோன்ஸின் டிரம்ஸ் கலைஞர் சார்லி வாட்ஸ் 2021இல் காலமானார். ஜெஃப் பெக் 2022இன் பிற்பகுதிவரை சுற்றுப்பயணத்தில் இருந்தவர். 2023 ஜனவரியில் 78 வயதில் இறந்தார். வில்லா பார்க் கச்சேரி முடிந்த பதினேழாம் நாள் ஓஸி ஆஸ்போர்ன் மறைந்தார். மூத்த குழு ஒன்று எட்டும் தூரத்துக்கு வந்து, சீட்டு வாங்கவும் வசதி இருந்தால், ‘அடுத்த முறை பார்க்கலாம்’ என்று தள்ளிப்போடாதீர்கள். போனதும் பாடகருக்கு நேர் எதிரே இடம் பிடிக்க முண்டியடிக்காமல், கிதார்காரர் நிற்கும் பக்கமாகப் போய் நில்லுங்கள். கைபேசியைப் பைக்குள் போட்டுவிடுங்கள்.